குளவி கொட்டி மயங்கியவருக்கு அலர்ஜி மாத்திரை போதுமா?

கடிதத்தின் சுருக்கம்: வாசகியின் கணவருக்கு வயது 46. ரத்த அழுத்தத்துக்காக மூன்று ஆண்டுகளாக அட்டெனலால் சாப்பிடுகிறார். சிறு வயதிலிருந்து ஏழெட்டு முறை தேனீயோ குளவியோ கொட்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கொட்டிய இடம் வீங்கியதோடு சரி. போன மாதம் செடிகளுக்குத் தண்ணீர் விடும்போது கழுத்தில் ஒரு கொட்டு. ஐந்து நிமிடத்துக்குள் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தன, காது அடைத்தது, வயிற்றைக் கலக்கியது. "எனக்கு என்னமோ ஆகப்போகுது" என்று சொல்லிக்கொண்டே சாய்ந்துவிட்டார். உடம்பில் தடிப்பு எதுவும் இல்லை. வீட்டில் இருந்த செடிரிசின் என்ற அலர்ஜி மாத்திரையைக் கொடுத்து, தூக்கி நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். மறுபடி நினைவு தப்பியது. மருத்துவமனையில் ரத்த அழுத்தம் 70/40. ஊசி போட்டதும் தெளிந்தார், இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரவு 11 மணிக்கு உடம்பெல்லாம் தடிப்பு, தொண்டை இறுக்கம், மறுபடி மருத்துவமனை. பிறகு செய்த ரத்தப் பரிசோதனையில் தேனீ, குளவி இரண்டுக்குமே ஒவ்வாமை என்று வந்திருக்கிறது, எண்கள் மட்டும் குறைவு. "எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டதால்தான் இப்படி, சத்து டானிக் கொடுங்கள் என்கிறார்கள் உறவினர்கள். அட்ரினலின் ஊசி வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். பிரஷர் உள்ளவனுக்கு அது ஆபத்து என்று இவர் மறுக்கிறார். அது வெறும் பயத்தில் வந்த மயக்கம் என்றும் சொல்கிறார். தினமும் ஒரு அலர்ஜி மாத்திரை போட்டுக்கொண்டால் போதாதா? ஒன்பது வயது மகனுக்கும் ஒருமுறை கை முழுக்க வீங்கியது, அவனுக்கும் டெஸ்ட் எடுக்கவா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கணவருக்கு வந்தது பயத்தில் வந்த மயக்கம் அல்ல. அதற்குப் பெயர் அனஃபிலாக்ஸிஸ், ஒவ்வாமையின் மிகக் கடுமையான வடிவம். பயத்தில் மயங்குபவர் முகம் வெளுத்து விழுவார். தரையில் படுத்ததும் ஓரிரு நிமிடத்தில் எழுந்துவிடுவார். அவருக்கு உள்ளங்கை அரிக்காது, வயிற்றைக் கலக்காது, ஏழெட்டு மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தடித்துத் தொண்டை இறுகாது. "ஏதோ ஆகப்போகுது" என்று அவர் சொன்னதையும் மனப்பயம் என்று ஒதுக்க வேண்டாம். மருத்துவ நூல்கள் அந்த உணர்வையே இதன் அறிகுறிகளில் ஒன்றாகக் குறித்திருக்கின்றன. நாடியை வைத்தும் இவர் விஷயத்தில் முடிவுக்கு வர முடியாது. ரத்த அழுத்தம் இறங்கும்போது நாடி வேகமெடுப்பது வழக்கம். அட்டெனலால் சாப்பிடுபவருக்கு அந்த வேகம் வராமலே போகலாம்.

தடிப்பு இல்லாததுதான் உங்களைக் குழப்பியிருக்கிறது. அனஃபிலாக்ஸிஸ் வந்தவர்களில் 100 பேருக்கு 10 முதல் 20 பேரிடம் தோலில் எதுவுமே தெரியாது. தோலில் தெரியாமல் நேரே ரத்த அழுத்தம் விழுந்தது என்பது இன்னொரு விஷயத்தையும் தேடச் சொல்கிறது. கீழே அதற்கு வருகிறேன்.

எதிர்ப்பு சக்தி குறைந்ததால் வந்ததா?

இல்லை. எதிர்ப்பு சக்தி ஆளை மாற்றி அடையாளம் கண்டுவிட்டது, அவ்வளவுதான். முந்தைய கொட்டுகளில் ஏதோ ஒன்றின்போது, நஞ்சிலிருக்கும் ஒரு புரதத்தைப் பெரிய எதிரி என்று அது பதிவு செய்துகொண்டது. டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் அனுப்பிய வேதிச் சமிக்ஞைகளால் பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்கள் அந்தப் புரதத்துக்கென்றே ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரிக்கத் தொடங்கின. இந்த ஐஜிஇ ரத்தத்தில் சில நாட்களே தாங்கும். ஆனால் தோலிலும் குடலிலும் மூச்சுப்பாதையிலும் ரத்தக் குழாய்களை ஒட்டியும் காத்திருக்கும் மாஸ்ட் செல்களின் (ஒவ்வாமைச் சுரப்புகளைப் பைகளில் சேமித்து வைத்திருக்கும் செல்கள்) மேல் போய் ஒட்டிக்கொண்டால் வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். இந்தத் தயாரிப்பு நடக்கும்போது வெளியில் ஒரு அறிகுறியும் தெரியாது. அதனால்தான் "இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்று எல்லோரும் சொல்கிறோம்.

அடுத்த கொட்டில் நஞ்சு உள்ளே வரும்போது, ஒரே நஞ்சுப் புரதம் அருகருகே உள்ள இரண்டு ஐஜிஇயைச் சேர்த்துப் பிடித்தால் மாஸ்ட் செல் வெடித்ததுபோல் தன் பைகளைத் திறக்கும். முதலில் வருவது ஏற்கெனவே சேமித்து வைத்த ஹிஸ்டமினும் டிரிப்டேஸும். அடுத்த சில நிமிடங்களில் லூக்கோட்ரையீன், புராஸ்டகிளாண்டின் முதலியவை புதிதாகத் தயாராகி வரும். இவை ரத்தக் குழாய்களை விரித்து, சுவர்களின் இணைப்புகளைத் தளர்த்துகின்றன. குழாய்க்குள் இருக்க வேண்டிய நீர் திசுக்களுக்குள் கசிகிறது. கடுமையான தாக்குதலில் பத்து நிமிடத்துக்குள் குழாய்களுக்குள் உள்ள திரவத்தில் மூன்றில் ஒரு பங்கு வெளியேறிவிடக்கூடும். உடம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமலே, பெரும் ரத்த இழப்பு நேர்ந்தவரின் நிலைக்கு அவர் போய்விடுகிறார். 70/40 என்ற எண்ணுக்குப் பின்னால் நடந்தது இதுதான்.

ஆகவே சத்து டானிக்கால் இது குறையாது. எதிர்ப்பு சக்தியைத் "தூண்டும்" என்று விற்கப்படும் எதுவும் ஐஜிஇயைக் குறைப்பதில்லை.

பல முறை கொட்டியதால் உடம்பு பழகியிருக்கும் என்ற எண்ணத்துக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1902இல் சார்லஸ் ரிஷே, பால் போர்ட்டியே என்ற பிரெஞ்சு அறிஞர்கள் கடல் சாமந்தி என்ற கடலுயிரியின் நஞ்சைச் சிறு அளவில் நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். சில வாரம் கழித்து இரண்டாம் முறை கொடுத்தபோது, முதல் முறை தாங்கிக்கொண்ட நாய்கள் அதைவிடக் குறைந்த அளவுக்கே நிமிடங்களில் இறந்தன. காப்பு கிடைக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் நேர்மாறாக நடந்ததால் "அனஃபிலாக்ஸிஸ்" என்று பெயர் வைத்தார்கள். 1913இல் ரிஷேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் உடம்பு பழகும் என்ற எண்ணத்திலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் கொட்டு வாங்கும் தேனீ வளர்ப்பவர்களுக்கு ஐஜிஜி4 என்ற தடுப்பு எதிர்ப்பொருள் நிறைய உருவாகி, கடும் ஒவ்வாமை அரிதாகிவிடுகிறது. அவ்வப்போது ஒன்றிரண்டு கொட்டு வாங்குபவருக்கு அந்தப் பாதுகாப்பு வருவதில்லை. உங்கள் கணவர் இரண்டாவது வகை.

அட்ரினலினும் பிரஷரும்

அவருடைய பயம் புரிகிறது. ஆனால் அந்த நேரத்தில் அவருடைய பிரஷர் 150இல் இல்லை, 70இல் இருந்தது. அட்ரினலின் விரிந்த குழாய்களைச் சுருக்குகிறது, இதயத்தை வலுவாகத் துடிக்க வைக்கிறது, மூச்சுக்குழாயைத் திறக்கிறது, மாஸ்ட் செல்கள் மேலும் சுரப்பதையும் தடுக்கிறது. இத்தனையையும் சேர்த்துச் செய்ய வேறு மருந்து இல்லை. ஊசி போட்ட பிறகு கை நடுக்கம், படபடப்பு, தலைவலி வரலாம். பெரும்பாலும் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். இதய நோய் உள்ளவருக்கும் அனஃபிலாக்ஸிஸில் இதைக் கொடுக்கவே கூடாது என்று எந்தத் தடையும் இல்லை. கெட்ட பெயர் வந்ததற்கு முக்கியக் காரணம், அளவு தவறியோ அவசரமாக ரத்தக் குழாய் வழியாகவோ செலுத்திய சம்பவங்கள். தொடைத் தசையில் சரியான அளவில் போடுவது வேறு விஷயம்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது அட்ரினலினைப் பற்றி அல்ல, அட்டெனலாலைப் பற்றித்தான். இந்த வகை பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் அட்ரினலின் போய்ச் சேர வேண்டிய ஏற்பிகளை (செல்களில் அது ஒட்டும் இடங்களை) அடைத்துக்கொண்டிருப்பதால், ஊசி போட்டும் முழுப் பலன் கிடைக்காமல் போகலாம். அப்படி நேர்ந்தால் மருத்துவமனையில் குளுகாகான் என்ற மருந்தை ரத்தக் குழாய் வழியாகக் கொடுப்பார்கள். பெரியவர்களுக்கு 1 முதல் 5 மி.கி. அது வேறு பாதையில் இதயத்தைத் தூண்டும். அதனால் அவசரப் பிரிவில் நுழைந்ததுமே "பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறார்" என்று சொல்லுங்கள்.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் நாடியும் அழுத்தமும் எகிறும், நெஞ்சுவலிகூட வரலாம். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் போய், "குளவி கொட்டி அனஃபிலாக்ஸிஸ் வந்தது. அட்டெனலாலுக்குப் பதில் வேறு மாத்திரை தர முடியுமா?" என்று கேளுங்கள். ரத்த அழுத்தத்துக்கு மட்டும்தான் கொடுத்தார் என்றால் மாற்றுவது பெரும்பாலும் எளிது. இதயத்துக்காகவும் கொடுத்திருந்தால் அவர் யோசித்து முடிவு செய்வார்.

தினமும் ஒரு அலர்ஜி மாத்திரை?

செடிரிசின் பல கதவுகளில் ஒன்றை மட்டும் பூட்டுகிறது. ஹிஸ்டமின் ஏற்பியை அடைப்பதால் அரிப்பும் தடிப்பும் குறையும். மற்ற சுரப்புகளை அது தொடாது. விழுந்த ரத்த அழுத்தத்தைத் தூக்காது. அடைபட்ட தொண்டையைத் திறக்காது. வாய்வழி மாத்திரை வேலை செய்யவே அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். பிரிட்டனில் அனஃபிலாக்ஸிஸ் மரணங்களை ஆராய்ந்தபோது, பூச்சிக் கொட்டில் இதயம் நின்றுபோக ஆன நேரத்தின் நடுப்புள்ளி 15 நிமிடம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். ஸ்டீராய்டு ஊசியும் அப்படியே; வேலை செய்யப் பல மணி நேரம் எடுக்கும், இரண்டாம் அலையைத் தடுக்கும் என்றும் நம்ப முடியாது.

தினசரி மாத்திரையில் இன்னொரு சங்கடம், அது மனதுக்குப் பொய்யான தைரியம் தரும். "மாத்திரை போட்டிருக்கிறேனே" என்று ஊசியைத் தள்ளிப்போடும் அந்தப் பத்து நிமிடம்தான் ஆபத்து.

அடுத்த முறை கொட்டினால்

இதை ஒரு தாளில் எழுதி வீட்டில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள்.

1. உடனே படுக்க வையுங்கள், கால்களை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் கால்களை நீட்டியபடி உட்காரலாம். வாந்தி வந்தால் பக்கவாட்டில் திருப்புங்கள். தூக்கி நிறுத்தவோ நாற்காலியில் உட்கார வைக்கவோ வண்டிவரை நடக்க வைக்கவோ கூடாது. குழாயில் ரத்தமே குறைவாக இருக்கும்போது எழுந்தால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் நின்றுவிடும். சிலர் எழுந்து உட்கார்ந்த சில நொடிகளில் இறந்திருக்கிறார்கள். அன்று நாற்காலியில் உட்கார வைத்ததும் அவர் மறுபடி மயங்கியது இதனால்தான். நீங்கள் அறியாமல் செய்தது, அதற்காக வருந்த வேண்டாம்.

2. கொட்டிய இடத்தைத் தாண்டி எந்த அறிகுறி வந்தாலும் அட்ரினலின் போடுங்கள்: உள்ளங்கை அரிப்போடு தலைசுற்றல், குரல் மாற்றம், மூச்சிரைப்பு, விடாத வாந்தி, வயிற்றுப் பிடிப்பு. தடிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். போன முறை அது வரவில்லை. இடம், தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதி. துணி மேலேயே குத்தலாம். தானே செலுத்தும் பேனா ஊசி என்றால் பெரியவர்களுக்கானது 0.3 மி.கி.; சில நாடுகளில் 0.5 மி.கி. பேனாவும் உண்டு. பேனா கிடைக்காத இடத்தில் மருத்துவர் 1 மி.லி.க்கு 1 மி.கி. உள்ள ஆம்பூலும் (சிறு கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சும் தந்து பழக்கினால், பெரியவருக்கு 0.5 மி.லி. தசைக்குள் போட வேண்டும், தோலுக்கு அடியில் அல்ல. குழந்தைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்ததில், தொடைத் தசையில் போட்ட மருந்து சுமார் 8 நிமிடத்தில் ரத்தத்தில் உச்சத்தைத் தொட்டது; தோலடியில் போட்டதற்குச் சுமார் 34 நிமிடம் பிடித்தது.

3. ஆம்புலன்ஸை அழைத்து "அனஃபிலாக்ஸிஸ்" என்ற சொல்லையே சொல்லுங்கள். ஊசி போட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. ஐந்து நிமிடத்தில் தெளிவு வராவிட்டால் மறு தொடையில் இரண்டாவது ஊசி. இதற்காகத்தான் எப்போதும் இரண்டு வைத்திருக்கச் சொல்கிறோம்.

5. மாத்திரை எல்லாம் இதற்குப் பிறகு, அவர் விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும்.

தேனீ என்றால் தோலில் கொடுக்கு நச்சுப்பையோடு நிற்கும். கிள்ளி எடுப்பதா, சுரண்டி எடுப்பதா என்று யோசிக்க வேண்டாம். அரை நிமிடத்துக்குள் நஞ்சில் பெரும்பகுதி இறங்கிவிடும் என்பதால் வேகம்தான் முக்கியம். பேனாவை வெயிலில் நிற்கும் வண்டியிலோ குளிர்பதனப் பெட்டியிலோ வைக்காதீர்கள். திரவம் பழுப்பாகிவிட்டால், காலாவதி ஆகிவிட்டால் மாற்றுங்கள்.

இரவு 11 மணிக்கு நடந்தது இரண்டாம் அலை. முதல் தாக்குதல் அடங்கிய பிறகு, புதிதாகக் கொட்டு எதுவும் இல்லாமலே சிலருக்குத் திரும்ப வரும். பெரும்பாலும் முதல் நாளிலேயே, அரிதாக 72 மணி நேரம் வரைகூட. ரத்த அழுத்தம் அவ்வளவு விழுந்தவரை இரண்டு மணி நேரத்தில் அனுப்பியிருக்கக் கூடாது. இதுபோன்ற கடும் தாக்குதலில் குறைந்தது 6 மணி நேரம், தேவைப்பட்டால் 12 மணி நேரமோ அதற்கு மேலோ கண்காணிப்பில் வைப்பதே முறை. அடுத்த முறை நீங்களே கேட்டு இருங்கள்.

பரிசோதனை எண்கள் சொல்வதும் சொல்லாததும்

உங்கள் அறிக்கையில் தேனீக்கு 3.2, குளவிக்கு 1.8 என்று இருக்கிறது. 0.35க்கு மேல் என்றால் ஐஜிஇ இருக்கிறது என்று பொருள். அடுத்த தாக்குதல் எவ்வளவு கடுமையாக வரும் என்பதை இந்த எண் சொல்வதில்லை. 1 என்ற எண்ணோடு உயிருக்குப் போராடியவரும் உண்டு, 40 என்ற எண்ணோடு ஒன்றும் ஆகாதவரும் உண்டு. இவருடைய ஆபத்தைச் சொல்வது அந்தத் தாள் அல்ல, அன்று நடந்த நிகழ்ச்சிதான். பெரியவர் ஒருவருக்கு இப்படிக் கடுமையாக வந்துவிட்டால், அடுத்த கொட்டில் மறுபடி வர ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

இரண்டும் பாசிட்டிவ் என்பதால் இரண்டுக்கும் ஒவ்வாமை என்று அர்த்தமாகிவிடாது. இரண்டு நஞ்சுகளிலும் ஒரே மாதிரியான சர்க்கரை அமைப்புகள் ஒட்டியிருக்கும். அவற்றுக்கு எதிரான ஐஜிஇ பெரும்பாலும் தொல்லை செய்யாது, பரிசோதனையை மட்டும் குழப்பும். தேனீ நஞ்சின் ஏபிஐ எம் 1, குளவி நஞ்சின் வெஸ் வி 1, வெஸ் வி 5 என்று புரதம் புரதமாகப் பிரித்துப் பார்க்கும் சோதனை செய்தால் உண்மையான குற்றவாளி தெரியும். கழுத்தில் கொடுக்கு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அது குளவியைக் காட்டுகிறது. குளவியிலும் பல வகை. பக்கத்தில் கூடு இருந்தால் தள்ளி நின்று ஒரு படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். தோல் பரிசோதனையை நிகழ்ச்சி நடந்து 4 முதல் 6 வாரம் கழித்துச் செய்யச் சொல்லுங்கள். முன்னதாகச் செய்தால் இருக்கும் ஒவ்வாமை இல்லை என்று காட்டக்கூடும்.

இத்தோடு ஒரு டிரிப்டேஸ் சோதனையும் கேளுங்கள். இது முக்கியம். தடிப்பே இல்லாமல் ரத்த அழுத்தம் விழுந்த பெரியவர்களில் சிலருக்கு மாஸ்ட் செல்களே அளவுக்கு மீறிப் பெருகியிருக்கும்; மாஸ்டோசைட்டோசிஸ் என்பார்கள். நலமாக இருக்கும் ஒரு நாளில், தாக்குதல் அடங்கிக் குறைந்தது 24 மணி நேரம் கழிந்த பிறகு எடுக்க வேண்டும். வழக்கமான மேல் வரம்பு 11.4. அதைத் தாண்டினால் மேற்கொண்டு பார்ப்பார்கள். பயப்பட வேண்டியதில்லை, ஆனால் சிகிச்சையின் கால அளவே அதைப் பொறுத்து மாறும்.

குணப்படுத்தும் சிகிச்சை உண்டு

உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை, யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நஞ்சு ஒவ்வாமைக்கு நோய் எதிர்ப்பு மண்டலத்தையே திருத்தும் சிகிச்சை இருக்கிறது. தூய்மையாக்கிய நஞ்சை மிக நுண்ணிய அளவில் தொடங்கி, வாரங்களிலோ, மருத்துவமனையில் இருந்தபடி சில நாட்களிலோ 100 மைக்ரோகிராம் வரை ஏற்றுவார்கள். பிறகு அதே அளவு நான்கு வாரத்துக்கு ஒருமுறை, போகப் போக இடைவெளி கூட்டி, 3 முதல் 5 ஆண்டுகள். மாஸ்ட் செல் நோய் இருந்தால் வாழ்நாள் முழுக்கத் தொடர்வது உண்டு. உடம்பு ஐஜிஜி4ஐ உருவாக்கி, கட்டுப்படுத்தும் டி செல்களை வளர்த்துக்கொள்கிறது. ஒரு காலத்தில் பூச்சியின் முழு உடலையும் அரைத்த சாற்றை ஊசியாகப் போட்டார்கள். அது மருந்தே இல்லாத வெற்று ஊசியைவிட மேல் அல்ல என்று 1978இல் நிரூபணமானது. தூய நஞ்சு அப்படியல்ல. குளவி நஞ்சுக்குச் சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு 90 பேருக்கு மேலும், தேனீ நஞ்சுக்குச் சுமார் 80 பேரும் அடுத்த கொட்டில் தப்பிக்கிறார்கள்.

ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. ஊசியே ஒவ்வாமையைக் கிளப்பலாம். அதனால்தான் ஒவ்வொரு முறையும் குறைந்தது அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைப்பார்கள். பீட்டா பிளாக்கர் விஷயத்தை முதலில் தீர்த்துக்கொள்ளச் சொல்வதும் இதனால்தான். இருந்தாலும் அவர் வயதில், அவர் கண்ட தாக்குதலுக்குப் பிறகு, இந்தச் சிகிச்சையை வலியுறுத்தியே சொல்வேன். ஒவ்வாமை நிபுணரிடம் போகும்போது மருத்துவமனைக் குறிப்புகள் இரண்டையும் எடுத்துப் போங்கள்.

மகனைப் பற்றி

கை முழுக்க வீங்குவது பெரிய உள்ளூர் எதிர்வினை. பார்க்கப் பயமாக இருக்கும், ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் வடியும். இப்படி வீங்கிய குழந்தைகளில் 100க்குப் பத்துக்கும் குறைவானவர்களுக்கே பின்னாளில் உடல் முழுதும் பரவும் எதிர்வினை வரும். வந்தாலும் பெரும்பாலும் லேசாகவே இருக்கும். எனவே இப்போதைக்குப் பரிசோதனை வேண்டாம். எடுத்தால் பாசிட்டிவ் என்று வரக்கூடும், அதை வைத்துக்கொண்டு செய்வதற்கும் ஒன்றுமில்லை. அவனையும் உங்களையும் அது பயமுறுத்தும், அவ்வளவுதான். கொட்டினால் குளிர்ந்த ஒத்தடம், அரிப்புக்கு அவன் வயதுக்கேற்ற மாத்திரை. இங்கே செடிரிசின் சரியான மருந்து. கொட்டிய இடத்தைத் தாண்டி மூச்சிலோ குரலிலோ ஏதாவது மாறினால் அப்பாவுக்கு எழுதிய அதே தாள்தான் அவனுக்கும், ஊசி அளவு மட்டும் கிலோவுக்கு 0.01 மி.கி. அதாவது 28 கிலோ எடைக்கு 0.28 மி.கி. அந்த எண்ணையும் மருத்துவரிடம் சரிபார்த்து, அதே தாளின் அடியில் எழுதி வையுங்கள்.